மூன்று கண் டேஷ்கேம்: போலீஸ் ஓரங்கட்டும்போது எவ்வளவு சாட்சி சொல்லும்?

அமெரிக்காவில் கார் ஓட்டும் நம்மவர்கள் டேஷ்கேம் வாங்கும்போது விபத்தையும் இன்சூரன்சையும்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். முன்னால் 4கே உண்டா, இரவில் நம்பர் பிளேட் தெரியுமா, விலை என்ன என்பதோடு ஒப்பீடு முடிந்துவிடுகிறது. இங்கே பார்க்கப்போவது வேறு பயன். போலீஸ் உங்களை ஓரங்கட்டுகிறது, காரைச் சோதனை போடுகிறது, பிறகு அது வழக்காகிறது. அப்போது அந்தக் கேமரா எதற்கு உதவும், எங்கே கைவிடும்? முன்பக்கம், காரின் உட்புறம், பின்பக்கம் என மூன்று லென்ஸ் வைத்து, ஏறத்தாழ 200 முதல் 400 டாலருக்குள் கிடைக்கும் வகையை வைத்தே இதை எழுதுகிறோம். குறிப்பிட்ட மாடல் எதையும் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் கிடைப்பவற்றின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் பெட்டியைப் பிரித்து, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி, அப்படியே விட்டுவிட்டால் மிகவும் தேவைப்படும் நிமிடங்களில் அது அணைந்து கிடக்கும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள முதலில் சட்டம் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் நியாயமற்ற சோதனையையும் கைப்பற்றலையும் தடுக்கிறது. ஓடும் காரை நிறுத்துவதே ஒரு கைப்பற்றல்தான். ஓட்டுநர் மட்டுமில்லை, உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணியும் கைப்பற்றப்பட்டவர் என்றும், அவரும் அந்த நிறுத்தத்தை எதிர்த்து வாதாடலாம் என்றும் 2007இல் பிரெண்ட்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிறுத்துவதற்குக் குறைந்தபட்சம் நியாயமான சந்தேகம் வேண்டும். சும்மா லைசென்ஸ் பார்க்கலாமே என்று கண்ணில் பட்ட காரை நிறுத்த முடியாது. இது 1979இல் டெலவர் எதிர் பிரவுஸ் வழக்கில் வந்த தீர்ப்பு. அதே சமயம், 1996இல் வ்ரென் வழக்கின் தீர்ப்புப்படி, அதிகாரியின் உள்நோக்கம் என்ன என்பது கணக்கில் வராது. சிக்னல் போடாமல் திரும்பியது போன்ற சின்ன மீறல் உண்மையில் நடந்திருந்தால் போதும், நிறுத்தியது செல்லும். வாஷிங்டன் மாநிலம் தன் சொந்த அரசியல் சட்டத்தின்படி 1999இல் லாட்சன் வழக்கில் இதற்கு மாறாக, சாக்கு வைத்து நிறுத்துவது கூடாது என்றது. சியாட்டில் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

ஆக, முதல் சண்டை எப்போதும் 'மீறல் நடந்ததா இல்லையா' என்பதில்தான். இங்கேதான் முன் லென்ஸ் தன் விலையைச் சம்பாதிக்கிறது. ஸ்டாப் சைனில் சக்கரம் முழுதாக நின்றதா, மஞ்சள் விளக்கு எப்போது மாறியது, கோட்டைத் தொட்டீர்களா என்பதெல்லாம் 1080பி-யிலேயே தெளிவாகத் தெரியும். இதற்கு 4கே தேவையே இல்லை. இண்டிகேட்டர் போட்டதற்குப் படம் கிடைக்காது. ஆனால் மைக் ஓடினால் அந்த 'டிக் டிக்' சத்தம் பதிவாகும், அதுவே நல்ல சாட்சி.

வேகம் பற்றிய தகராறில் திரையில் அச்சாகும் ஜிபிஎஸ் வேகத்தை மட்டும் நம்பாதீர்கள். பொதுவாக அது நொடிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். திடீரென்று பிரேக் பிடித்தாலோ முறுக்கினாலோ ஒரு நொடி பின்தங்கும். சாலைக் கோட்டை எண்ணிச் சரிபார்க்கலாம். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் விட்டுவிட்டு வரும் வெள்ளைக் கோடு பொதுவாக 10 அடி நீளம், இடைவெளி 30 அடி. ஒரு கோட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்த கோட்டின் தொடக்கம் வரை 40 அடி. பத்து கோடுகளைக் கடந்தால் 400 அடி. மணிக்கு 65 மைல் வேகத்தில் இதற்கு 4.2 நொடி ஆகும், 80 மைலில் 3.4 நொடிதான். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஏறத்தாழ 24 படங்கள் வித்தியாசம் வரும். கண்ணால் எண்ணியே சொல்லிவிடலாம். அந்த இடத்தில் கோட்டின் நீளத்தை ஒருவர் நேரில் அளந்து உறுதி செய்தால் வாதம் இன்னும் பலப்படும்.

கேமராவால் ஒன்றும் செய்ய முடியாத இடங்களும் உண்டு. உங்கள் பிரேக் லைட் எரிகிறதா என்பதைப் பின் லென்ஸ் பார்க்காது. இரவில் பின்னால் நிற்கும் காரின் பம்பரில் சிவப்புப் பட்டுத் திரும்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஹைன் வழக்கில் (2014) நிறுத்தக் காரணம் எரியாத ஒரு பிரேக் லைட். வட கரோலினா சட்டத்தின்படி ஒன்று எரிந்தாலே போதும் என்று பிறகு தெரிந்தும், அதிகாரியின் தவறு நியாயமானதே என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தத்தைச் செல்லும் என்றது. வண்டி உரிமையாளரின் லைசென்ஸ் ரத்தாகியிருக்கிறது என்று பிளேட்டைத் தட்டிப் பார்த்து நிறுத்தினாலும் செல்லும், இது 2020இல் குளோவர் வழக்கு. கஞ்சா வாசனை வந்தது என்று அதிகாரி சொன்னால் எந்த லென்ஸும் அதை மறுக்க முடியாது. வாசனை மட்டும் போதுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2024இல், எரிந்த கஞ்சாவின் வாசனை மட்டும் போதாது என்று ஒரு வழக்கிலும், எரியாத கஞ்சாவின் வாசனை போதும் என்று இன்னொரு வழக்கிலும் தீர்ப்பளித்தது.

அடுத்து கடிகாரம். இந்தக் கேமராவின் மிகப் பெரிய பயன் இதுதான், விளம்பரத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. 2012 மார்ச் 27, நெப்ராஸ்கா. நள்ளிரவு தாண்டி 12:06க்கு சாலையோர ஷோல்டரில் ஏறி இறங்கிய, ரோட்ரிகஸ் என்பவரின் வண்டியை மோப்ப நாயுடன் வந்த அதிகாரி நிறுத்துகிறார். 12:27 அல்லது 12:28க்குள் எச்சரிக்கைச் சீட்டை எழுதி, விளக்கி, பேப்பர்களையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அதோடு விடாமல், இன்னொரு அதிகாரி வரும்வரை நிற்கவைத்து, நாயைச் சுற்றவிடுகிறார். சீட்டுக் கொடுத்ததிலிருந்து நாய் மோப்பம் காட்டியது வரை ஏழு எட்டு நிமிடம். 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: டிக்கெட் வேலைக்குத் தேவையான நேரத்துக்கு மேல், தனியாக நியாயமான சந்தேகம் இல்லாமல் நீட்டினால் அது சட்டவிரோதம். லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், வாரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பது அந்த வேலைக்குள் அடங்கும். நாய் அடங்காது. அந்த வேலை முடிவதற்குள், நேரம் கூடாமல் நாயைச் சுற்றவிட்டால் மட்டும் தவறில்லை, அது 2005இல் கபாயெஸ் வழக்கு. ரோட்ரிகஸுக்குக் கடைசியில் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு இருந்த முன்தீர்ப்புகளை நம்பி அதிகாரி நல்லெண்ணத்தோடு நடந்தார் என்று கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் இன்று நிறுத்தப்படுபவருக்கு உச்ச நீதிமன்றத்தின் அந்த 2015 தீர்ப்பு முழுப் பலத்தோடு இருக்கிறது.

நிமிடக் கணக்கு இப்படி முக்கியமாகும்போது உங்கள் பதிவில் ஐந்து புள்ளிகள் தெளிவாக இருக்க வேண்டும்: பின்னால் சிவப்பு நீல விளக்கு பளிச்சிட்டது, வண்டி நின்றது, லைசென்ஸ் கைமாறியது, டிக்கெட்டும் பேப்பர்களும் திரும்பி வந்தது, நாய் அல்லது இரண்டாவது வண்டி வந்தது. முதலாவதும் கடைசியும் பின் லென்ஸ் தருவது. நடுவில் இருப்பதை உள் லென்ஸ் தருகிறது: ஜன்னல் வழியே ஒரு கை நீள்கிறது, மஞ்சளோ வெள்ளையோ ஒரு சீட்டு ஓட்டுநர் மடியில் விழுகிறது. அந்தப் படத்தின் மூலையில் இருக்கும் நேரம்தான் வழக்கின் அச்சாணி. உடனே இன்னொன்றையும் சரிபாருங்கள். கேமராவின் நேரத்தை ஜிபிஎஸ்ஸோடு இணைத்து, நேர மண்டலத்தைச் சரியாக வையுங்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் மாறும்போது பல மாடல்கள் தானாக மாறுவதில்லை. ஒரு மணி நேரம் தவறிய பதிவு பொய்யாகிவிடாது, ஆனால் எதிர்த் தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கேள்வி கேட்பார்.

அதிகாரியின் உடலில் இருக்கும் கேமரா போதாதா என்று கேட்கலாம். பல துறைகள் பயன்படுத்தும் கருவிகளில் வழக்கமான அமைப்பு இது: பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 நொடி படம் மட்டும் சேரும், ஒலி சேராது. நிறுத்தக் காரணம் ஒரு மைல் முன்னாலேயே நடந்திருந்தால் அது அதில் இருக்காது. உங்கள் டேஷ்கேம் வீட்டு வாசலிலிருந்தே ஓடுகிறது.

நாய் விஷயத்தில் மூன்று லென்ஸுக்கும் குருட்டுப் பகுதி உண்டு. காரின் முன்னாலும் பின்னாலும் நடப்பது தெரியும், பக்கவாட்டுக் கதவின் கீழ்ப்பாதி தெரியாது. நாய் பெரும்பாலும் முகர்வது அந்தக் கதவு இடுக்கில்தான். ஆனாலும் உள் லென்ஸ் ஜன்னல் மட்டத்துக்கு மேல் வருவதைப் பிடிக்கும். 2023இல் ஐடஹோ உச்ச நீதிமன்றம் டார்ஃப் வழக்கில், நாய் வாரண்ட் இல்லாமல் கதவிலும் ஜன்னலிலும் காலை ஊன்றி ஏறியதே ஒரு சோதனைதான் என்றது. ஜன்னல் கண்ணாடியில் இரண்டு பாதம் தெரியும் ஒரு படம் அங்கே எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

இப்போது பெரிய குறைக்கு வருவோம். நிறுத்தியதும் அதிகாரி முதலில் சொல்வது பெரும்பாலும் 'எஞ்சினை ஆஃப் பண்ணுங்க' என்பதுதான். சாக்கெட்டில் செருகிய கேமரா, சாக்கெட்டுக்கு மின்சாரம் நின்றதும் கோப்பை மூடிவிட்டுச் சில நொடியில் அணைந்துவிடும். பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் பல கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் கதவு திறக்கும்வரை சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். கதவு திறந்ததும் போய்விடும். ஓட்டுநரை வண்டியிலிருந்து இறங்கச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு (மிம்ஸ், 1977), பயணியையும் அப்படியே (வில்சன், 1997). இறங்கக் கதவைத் திறக்கிறீர்கள், கேமரா அணைகிறது, அதன் பிறகுதான் சோதனை தொடங்குகிறது. சரியாக அந்த நேரத்தில் சாட்சி இல்லை.

தீர்வு ஹார்ட்வயர் கிட். ஃப்யூஸ் பாக்ஸில் எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒரு ஃப்யூஸ், சாவி திருப்பினால் மட்டும் வரும் ஒரு ஃப்யூஸ், இவற்றில் ஆட்-ஏ-ஃப்யூஸ் (இருக்கும் ஃப்யூஸ் இடத்திலிருந்து கூடுதல் இணைப்பு எடுக்கும் செருகி) வைத்து இரண்டு கம்பிகளையும் இணைத்து, மூன்றாவதைப் பெயின்ட் இல்லாத உலோக போல்ட்டில் எர்த் செய்ய வேண்டும். எது எந்த நிறம் என்பதைக் கிட்டோடு வரும் தாளில் பார்த்துச் செய்யுங்கள். இரண்டும் மாறிப்போனால் எஞ்சின் நின்ற பிறகு கேமரா சரியாகப் பதியாது. ஏர்பேக் ஃப்யூஸில் கைவைக்காதீர்கள். முன் கண்ணாடியை ஒட்டிய தூணில் (ஏ-பில்லர்) கம்பி ஏர்பேக்கின் பின்னால் போக வேண்டும், முன்னால் போகவே கூடாது. பேட்டரி இறங்கினால் கேமராவை அணைக்கும் வோல்டேஜ் வெட்டை 12.2 வோல்ட்டில் வைத்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாத தொல்லை பெரும்பாலும் வராது.

அதோடு நிற்காதீர்கள். பார்க்கிங் மோட் (எஞ்சின் நின்ற பிறகும் பதியும் அமைப்பு) என்றாலே பல மாடல்களில் டைம்லாப்ஸ்தான் இயல்பு அமைப்பு. நொடிக்கு ஒன்றிரண்டு படம், ஒலியே இல்லை. இந்தப் பயனுக்கு அது உதவாது. குறைந்த பிட்ரேட்டில் முழு வேகத்தில், ஒலியோடு பதியும் தேர்வு இருக்கிறதா என்று வாங்கும் முன் கையேட்டில் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். வேறு எந்த அம்சத்துக்காகவும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஒலி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சம்மதம். முகாந்திரமோ (காரில் குற்றத்துக்கான பொருள் இருக்கும் என்று நம்பப் போதிய காரணம்) வாரண்டோ இல்லாத இடத்தில் சோதனை பெரும்பாலும் 'சம்மதம் கொடுத்தார்' என்ற ஒற்றை வரியில் நிற்கும். மறுக்கலாம் என்று அதிகாரி சொல்லத் தேவையில்லை (ஷ்னெக்லாத், 1973). நீங்கள் போகலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை (ராபினெட், 1996). 'ஒரு தடவை பாத்துக்கலாமா?' என்ற கேள்விக்குப் பழக்கத்தில் 'ஷூர், ஷூர்' என்று சொல்லிவிடுகிறோம். அது சம்மதம். எவ்வளவு தூரம் சம்மதம் என்பதும் வார்த்தையில் இருக்கிறது. ஜிமெனோ வழக்கில் (1991) காருக்குக் கொடுத்த பொதுச் சம்மதம் தரையில் கிடந்த மூடிய காகிதப் பைக்கும் செல்லும் என்றது நீதிமன்றம். 'ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்' என்று தெளிவாக, சத்தமாக, ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். கையால் தடுக்காதீர்கள். முகாந்திரம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே காரைச் சோதிக்கலாம் என்பது 1925இல் கரோல் வழக்கிலிருந்து வரும் விதி, சாலையோரத்தில் அதைத் தீர்க்க முடியாது.

மைக்கைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். வண்டி நிற்கட்டும், எஞ்சின் ஓடட்டும், ஏசி காற்றாடியை வழக்கமான அளவில் வையுங்கள், ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து ஒருவரை வெளியே மூன்றடி தள்ளி நின்று சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள். பிறகு பயணி பக்க ஜன்னலில் அதே சோதனை, நெடுஞ்சாலையில் அதிகாரிகள் அந்தப் பக்கமாக வருவது சகஜம். காற்றாடிச் சத்தம் வார்த்தையை விழுங்குகிறது என்றால், நிறுத்தியதும் காற்றாடியைக் குறைக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பேச்சு பதிய வேண்டாம் என்று மைக்கை அணைத்து வைப்பவர்கள் பலர். அணைத்தால் இந்தக் கருவியின் பாதிப் பலன் போய்விட்டது.

பொது இடத்தில் வேலையில் இருக்கும் போலீசைப் பதிவு செய்வது உரிமை என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, 2011இல் பாஸ்டனில் எழுந்த கிளிக் வழக்கு அதில் முக்கியமானது. ஆனால் உள்ளே பயணிகளின் பேச்சைப் பதிவது வேறு விஷயம். கலிபோர்னியாவில் பேச்சு பதிவாகலாம் என்ற அறிவிப்பை வண்டியில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். எந்த மாநிலமானாலும் 'கேமரா ஓடுது, ஆடியோவும் பதிவாகுது' என்று அதிகாரியிடம் ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது.

பொருத்தும் இடத்திலும் கவனம் வேண்டும். கலிபோர்னியா வாகனச் சட்டம் 26708ஆம் பிரிவு, கண்ணாடியின் மேல்நடுவில் 5 அங்குலச் சதுரம், ஓட்டுநர் பக்கக் கீழ்மூலையில் 5 அங்குலச் சதுரம், பயணி பக்கக் கீழ்மூலையில் 7 அங்குலச் சதுரம் என்று இடம் ஒதுக்குகிறது. அதைத் தாண்டிப் பார்வையை மறைத்தால், வ்ரென் தீர்ப்புப்படி உங்களை நிறுத்த ஒரு செல்லுபடியான காரணத்தை நீங்களே கண்ணாடியில் ஒட்டியிருக்கிறீர்கள்.

சேமிப்புக் கணக்கு: மூன்று லென்ஸும் சேர்ந்து நொடிக்கு 60 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 27 ஜிபி. 256 ஜிபி கார்டு ஒன்பது மணி நேரம்தான் தாங்கும், பிறகு பழையது மேல் புதியது எழுதப்படும். தினம் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு நான்கு நாள். வழக்கு நாள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழித்து வரும். மோதல் இல்லாததால் அதிர்வு உணரி கோப்பைத் தானாகப் பூட்டாது. பூட்டும் பொத்தானும் அப்போது ஓடும் ஒன்று முதல் மூன்று நிமிடத் துண்டை மட்டுமே பொதுவாகப் பூட்டும், மீறல் நடந்ததாகச் சொல்லும் முந்தைய துண்டு தப்பாது. தவிர, அதிகாரி ஜன்னலருகே நிற்கும்போது கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டாதீர்கள். அந்த அசைவே ஆயுதத்துக்காகத் தடவிப் பார்க்கக் காரணமாகச் சொல்லப்படலாம், 1983இல் லாங் வழக்கு அதைக் காரின் உட்பகுதி வரை அனுமதித்தது. குரல் கட்டளை உள்ள மாடல் இங்கே கைகொடுக்கும். எது எப்படியானாலும் அன்றைக்கே கார்டைக் கழற்றி, அந்த நாளின் முழுக் கோப்புறையையும் பெயர் மாற்றாமல், வெட்டாமல் நகலெடுங்கள். அசல் கார்டில் மேற்கொண்டு எதுவும் எழுதப்படாமல் தனியே வைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். செல்போன் செயலி வழியே இறக்கினால் சில மாடல்கள் சிறிதாக்கிய படத்தையே தருகின்றன, அது நகலுக்கு உதவாது.

பதிவு உங்களுக்கு எதிராகவும் பேசும். 78 மைல் வேகம் என்று மூலையில் அச்சாகியிருந்தால் அதை அழிக்கலாமே என்ற எண்ணமே வேண்டாம், சாட்சியத்தை அழித்த குற்றம் டிக்கெட்டைவிட எவ்வளவோ பெரியது. அதிகாரி கார்டைக் கேட்டால், கொடுக்கச் சம்மதமில்லை என்று சொல்லலாம், எடுத்தால் தடுக்காதீர்கள். கைதானவரின் செல்போனுக்குள் பார்க்கப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்றது ரைலி தீர்ப்பு (2014). டேஷ்கேம் கார்டைப் பற்றி அது நேரடியாகப் பேசவில்லை என்றாலும் வக்கீல் அதே தர்க்கத்தில் வாதிடலாம். 'இதோ பாருங்க சார், நான் நின்னுதான் போனேன்' என்று பூட்டுத் திறந்த செல்போனையே நீட்டுவதுதான் ஆபத்து, அதன் பிறகு சம்மதம் எங்கே முடிந்தது என்று நிரூபிக்க வேண்டிய நிலை வரும்.

வாங்கும்போது காசை இந்த வரிசையில் செலவழியுங்கள்: ஒலியோடு கூடிய பார்க்கிங் மோட், ஹார்ட்வயர் கிட், இன்ஃப்ராரெட் விளக்குள்ள உள் லென்ஸ், ஜிபிஎஸ், ஹை எண்டியூரன்ஸ் கார்டு (திரும்பத் திரும்ப எழுதுவதைத் தாங்கும் வகை). லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதாக எடுங்கள், டெக்சஸ், அரிசோனா வெயிலில் பேட்டரி உப்பிவிடும். 4கே கடைசியில் வரட்டும். மாதம் ஒரு முறை எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்து, வெளியே நின்று இரண்டு வார்த்தை பேசி, அந்தக் கோப்பைக் கணினியில் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.